சபிக்கப்பட்ட மேரோசும் திட்டு மட்டும் வாங்கிய ரூபனும்

16, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சபைப் பிரிவினை பற்றி நடந்த பிரசங்கங்கள் என்றாலே, "வேதத்தைத் திரித்துச் சண்டை மூட்டினார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. திரிக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. ஒரு எழுத்தையும் மாற்றாமல், அதிகாரம் சொல்லி, வசன எண் சொல்லி, ஒழுங்காகத்தான் எடுத்துவைத்தார்கள். எதை ஆதார வசனமாக வைத்தார்கள், அதற்குப் பக்கத்திலேயே இருந்த எதை வைக்கவில்லை என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

வேதாகமத்தில் நியாயாதிபதிகள் புத்தகத்தின் 5-ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரவேலை நடத்திய தீர்க்கதரிசினி தெபொராளின் பாட்டு. கானானியரின் சேனாபதி சிசெராவின் படை இஸ்ரவேலரிடம் தோற்ற பிறகு, போருக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கோத்திரம் கோத்திரமாகப் பெயர் சொல்லிப் பாடுகிற பாட்டு.

1622 செப்டம்பர் 15 அன்று லண்டனில் செயின்ட் பால் ஆலய வளாகத்தில் இருந்த பால்ஸ் கிராஸ் என்ற திறந்தவெளிப் பிரசங்க மேடையில் ஜான் டன் பேசினார். அப்போது அவர் அந்த ஆலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு. முந்தைய மாதம்தான் முதலாம் ஜேம்ஸ் மன்னர் பிரசங்கிகளுக்குக் கட்டுப்பாடுகள் விதித்திருந்தார். தன் மகன் சார்லஸுக்கு ஸ்பெயின் இளவரசியை மணமுடிக்க அவர் முயன்றுகொண்டிருந்த நேரம் அது, மேடைகளில் கத்தோலிக்கர்களுக்கு எதிரான கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. கத்தோலிக்கர்களையோ, சபையை இன்னும் சீர்திருத்தக் கேட்ட பியூரிட்டன்களையோ காரணமில்லாமல் வசைபாடக் கூடாது, பிற்பகல் பிரசங்கம் ஞானோபதேச வினாவிடைக்குள் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த உத்தரவில் உண்டு. அதை நியாயப்படுத்தும் வேலை டன்னுக்கு வந்தது. அவர் எடுத்தது 20-ஆம் வசனம்: "நட்சத்திரங்கள் தங்கள் அயனங்களிலிருந்து சிசெராவோடே யுத்தம்பண்ணின." நட்சத்திரங்கள் தங்கள் பாதையை விட்டு விலகாமல்தான் போர் செய்தன, பிரசங்கிகளும் தங்களுக்கு வகுக்கப்பட்ட ஒழுங்குக்குள் நின்றே போராட வேண்டும் என்றார். ஒரு போர்ப்பாட்டு கீழ்ப்படிதலுக்கான பாடமாகிவிட்டது.

சரி, இருபது வருஷம் கழித்து வாருங்கள். 1642 பிப்ரவரி 23, உபவாச நாள். வெஸ்ட்மின்ஸ்டரில் செயின்ட் மார்கரெட் ஆலயத்தில் பாராளுமன்றக் கீழவைக்கு முன்னால் பியூரிட்டன் போதகர் ஸ்டீபன் மார்ஷல் நிற்கிறார். மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் தொடங்க ஆறு மாதம்தான் இருக்கிறது. அதே அதிகாரம், மூன்று வசனம் தள்ளி, 23: "மேரோசைச் சபியுங்கள்." ஏன் சபிக்க வேண்டும்? கர்த்தர் பட்சத்தில் துணைநிற்க அவர்கள் வரவில்லை. இந்தப் பிரசங்கத்தை அவர் பிற்பாடு வேறு பல இடங்களிலும் திரும்பத் திரும்பச் செய்தார். மார்ஷலுக்கு நியாயம் செய்தே ஆக வேண்டும்: துணைநிற்பது என்றால் வாள் எடுப்பது மட்டுமில்லை, ஜெபிப்பதும் துணைதான் என்று அவர் சொல்கிறார். ஆனால் இரத்தம் சிந்தாமல் தன் பட்டயத்தை அடக்கிக்கொள்கிறவன் சபிக்கப்பட்டவன் என்ற எரேமியாவின் வார்த்தையையும் கூடவே கொண்டுவருகிறார். அப்புறம் நடுவில் நிற்க விரும்பியவனுக்கு எங்கே இடம்?

எனக்கு மனது ஆறாத இடம் இதுதான். அதே பாட்டில் வராதவர்கள் இன்னும் எத்தனை பேர்! ரூபன் தொழுவங்களின் நடுவே இருந்துவிட்டான், கீலேயாத் யோர்தானுக்கு அக்கரையிலே இருந்துவிட்டது, தாண் கப்பல்களோடு, ஆசேர் கடற்கரையில். தெபொராள் இவர்களைக் குத்திக் கேட்கிறாள், வருத்தப்படுகிறாள், ஆனால் ஒருவரையும் சபிக்கவில்லை. "ரூபனின் பிரிவினைகளால் உண்டான இருதயத்தின் நினைவுகள் மிகுதி" என்று சொல்லி விட்டுவிடுகிறாள். பிரிவினை பற்றிப் பேச வந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் வேண்டுமா? சாபம் மேரோசுக்கு மட்டும். அந்த மேரோஸ் யாரென்றால், வேதாகமத்தில் வேறெங்கும் அந்தப் பெயர் இல்லை. ஊர் எங்கே இருந்தது, அவர்கள் ஏன் வரவில்லை, எதுவுமே சொல்லப்படவில்லை. வெறும் பெயர் என்பதால் அதற்குள் யாரை வேண்டுமானாலும் உட்காரவைக்கலாம்.

உட்காரவைக்க ஆட்களும் இருந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் யார்க்‌ஷயரிலும், டிசம்பரில் செஷயரின் பன்பரியிலும் இரண்டு தரப்பையும் சேர்ந்த உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் கூடி, எங்கள் மாவட்டத்தில் சண்டை வேண்டாம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். இரண்டுமே நிலைக்கவில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் ஒரு பிரசங்கத்தின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் அயலானோடு சண்டை போட மனமில்லாமல் நின்ற அந்த மனிதர்களுக்கு மேரோஸ் என்ற பெயர் பிப்ரவரியிலிருந்தே தயாராக இருந்தது.

மார்ஷல் வெறியரா என்றால் அதுவும் இல்லை. பியூரிட்டன் போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டர் பிற்காலத்தில், பேராயர்கள் பக்கம் எல்லாரும் பேராயர் ஜேம்ஸ் அஷரைப் போலவும், மூப்பர் குழுக்களே சபைகளை ஆள வேண்டும் என்ற பிரெஸ்பிட்டேரியர் எல்லாரும் மார்ஷலைப் போலவும், ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆள வேண்டும் என்ற தனிச்சபையார் எல்லாரும் ஜெரமையா பரோஸைப் போலவும் இருந்திருந்தால் சபையின் பிளவுகள் சீக்கிரமே ஆறியிருக்கும் என்று எழுதினார். சமாதானப் பிரியர் என்று பெயரெடுத்த மனிதரின் வாயிலிருந்துதான் அந்தச் சாபம் வந்தது. அதனால்தான் பிரசங்கியின் குணத்தைப் பார்த்து இதை எடைபோட முடியாது என்கிறேன்.

பரோஸ் எடுத்த வழி எனக்குப் பிடிக்கிறது. பிரிவினை பற்றிப் பேச அவர் ஓசியா 10:2-ஐ வைத்துக்கொண்டார்: "அவர்கள் இருதயம் பிரிவுபட்டிருக்கிறது." அவரே, இங்கிலாந்துச் சபையைச் சீரமைக்கப் பாராளுமன்றம் கூட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் சபைமாநாட்டில் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத ஐந்து பேரில் ஒருவர், எதிர்த்தரப்பைத் திட்ட வசனம் தேடியிருந்தால் ஏராளமாகக் கிடைத்திருக்கும். அவரோ பெருமை, சுயநேசம், பொறாமை, முன்கோபம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, பிரிவினை எங்கிருந்து முளைக்கிறது என்று காட்டுகிறார். அந்தப் பட்டியலில் சிக்காத தரப்பே கிடையாது. 1646-இல் அது அச்சில் வந்தது, அதே வருஷம் அவர் இறந்துபோனார்.

"அநியாயம் நடக்கும்போது ஒதுங்கி நிற்பதும் பாவம்தானே, தெபொராள் சொன்னது சரிதானே?" என்று கேட்பீர்கள். சரிதான். ஒரு தரப்பில் நின்றே தீர வேண்டிய காலங்கள் வரும். ஆனால் இன்றைய சிசெரா இன்னார்தான் என்று பிரசங்கி சொல்ல விரும்பினால், அதற்கான காரணத்தைத் தன் சொந்த வார்த்தையில், தன் பொறுப்பில் சொல்லட்டும், கேட்கிறவன் மறுத்துப் பேச வழி இருக்கட்டும். வசனத்தை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தால், மறுக்கிறவன் மனிதனை அல்ல, கடவுளை மறுக்கிறவனாக ஆகிவிடுகிறான். 1642-இல் அந்த ஆலயத்தில் உட்கார்ந்திருந்த உறுப்பினர்களில் ஒருவர் எழுந்து, "ஐயா, மேரோஸ் நாங்கள்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், நாங்கள் ஏன் ரூபனாக இருக்கக் கூடாது?" என்று கேட்டிருக்க முடியுமா?