அந்தப் படிவத்தை யார் நிரப்பியிருக்க வேண்டும்?

ஒவ்வொரு குளிர்காலமும் டெக்ஸஸில் பனிப்புயல் எச்சரிக்கை வந்த மறுநாளே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்துவிடும். உறைந்துபோன ஒரு காற்றாலை, பக்கத்தில் ஹெலிகாப்டர், கீழே "இதை நம்பினால் இப்படித்தான்" என்று ஒரு வரி நக்கல். அது டெக்ஸஸே இல்லை, பல வருடங்களுக்கு முன் ஸ்வீடனில் எடுத்த படம் என்று நான் சொல்வேன். யாராவது ஒருவர் சிரிப்புப் பொம்மை போடுவார். அப்புறம் பேச்சு பொங்கல் விழாச் சாப்பாட்டுக்குத் தாவிவிடும். இந்த முறை குழுவில் வாயைத் திறக்கவில்லை. 2021இல் டெக்ஸஸ் இருண்டதற்குக் காற்றாலைதான் காரணம் என்பதுதான் அந்தப் படம் சொல்ல வருவது. அதற்கான பதிலை இங்கேயே கொஞ்சம் நீளமாக எழுதிவிடுகிறேன்.

2021 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. டாலஸ் புறநகரில் ஓர் அபார்ட்மென்டின் இரண்டாவது மாடியில் இருந்தோம். விடிகாலை இரண்டு மணிவாக்கில் ஹீட்டர் சத்தம் நின்றது. சத்தம் நின்றதால்தான் விழிப்பே வந்தது. சுற்று முறையில்தான் நிறுத்துவார்கள், முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். புதன் இரவுதான் வந்தது. செவ்வாய் காலை டாலஸில் மைனஸ் 19 டிகிரி. 1949க்குப் பிறகு அந்த ஊர் அப்படியொரு குளிரைப் பார்த்ததில்லை. வீட்டுக்குள்ளேயே மூச்சு விட்டால் புகை தெரிந்தது. இருக்கிற போர்வை, புடவை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டு மூன்று பேரும் ஒரே கட்டிலில் கிடந்தோம்.

போனை சார்ஜ் போட காரில் போய் உட்கார்ந்திருந்தபோது ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டார். "என்னப்பா, கரண்ட் கட்டா? அமெரிக்காவுலயா?" சிரித்துவிட்டேன். அம்மாவுக்கு மின்வெட்டு ஒன்றும் புதிதில்லை, 2012இல் ஒரு நாளின் பாதியை இருட்டில் கழித்தவர். அடுத்த கேள்விதான் உறைத்தது. "எத்தனை மணிக்கு வரும்னு சொன்னாங்களா?" யாரும் எதுவும் சொல்லவில்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று இரவு பால்கனியில் நின்றால் தூரத்தில் டாலஸ் நகர மையம் ஜொலித்தது. ஆள் இல்லாத அலுவலகக் கோபுரங்கள் மாடி மாடியாக விளக்கெரித்துக்கொண்டு நின்றன. இதற்கு ஒரு பொறியியல் விளக்கம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மருத்துவமனை, தண்ணீர் நிலையம் போன்றவை இருக்கும் மின் தடங்களை வெட்ட முடியாது. நகர மையத்தில் அந்தத் தடங்கள் பின்னிக் கிடக்கின்றன. உச்சத்தில் 20,000 மெகாவாட் அளவுக்கு வெட்ட வேண்டியிருந்ததால் சுழற்றி விடுவதற்குக் கையில் வேறு தடமே மிஞ்சவில்லை. வெட்டப்பட்டவர்கள் வெட்டப்பட்டே கிடந்தார்கள். 45 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். சரி, புரிகிறது. அந்தக் காலி கட்டடங்களின் விளக்கை அணையுங்கள் என்று முதல் நாளே உரத்துச் சொல்ல எந்த இன்ஜினியரும் வேண்டியதில்லையே.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே மின் கட்டமைப்பின் அதிர்வெண், அதாவது உற்பத்தியும் தேவையும் சமமாக இருக்கின்றனவா என்று காட்டும் துடிப்பு, 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். அன்று விடிகாலை அது 59.4க்குக் கீழே போய் 4 நிமிடம் 23 விநாடி அங்கேயே கிடந்தது. ஒன்பது நிமிடம் நீடித்திருந்தால் மீதி மின் நிலையங்களும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வரிசையாகத் துண்டித்துக்கொண்டிருக்கும். அப்புறம் மொத்த மாநிலத்துக்கும் விளக்கேற்ற வாரக்கணக்கில் ஆகியிருக்கலாம். என் வீட்டு மின்சாரத்தை வெட்டியவர்தான் என் மாநிலத்தைக் காப்பாற்றினார். அந்த நிலைமைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி.

காற்றாலையா? காற்றாலையும் உறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் பிறகு வந்த மத்திய விசாரணை அறிக்கையைப் பாருங்கள். டெக்ஸஸிலும் பக்கத்து மாநிலங்களிலுமாகப் படுத்த, தடுமாறிய மின் உற்பத்தி அலகுகள் 1,045. அவற்றில் 58 சதவீதம் எரிவாயு, 27 சதவீதம் காற்றாலை. நிலக்கரியும் படுத்தது. அணுமின் நிலையத்தின் ஓர் அலகுகூட நின்றது, அதுவும் அழுத்தத்தை அளக்கும் ஒரு சிறு குழாயில் தண்ணீர் உறைந்ததால். ஆளுநர் கிரெக் அபாட் 16ஆம் தேதி ஒரு தேசியத் தொலைக்காட்சியில் தோன்றி காற்றாலையையும் சூரிய மின்சாரத்தையும் சாடினார்; எல்லா வகை மின்சாரமும்தான் பாதிக்கப்பட்டது என்று பிற்பாடு சொன்னார். முதலில் சொன்னதுதான் ஊர் முழுக்கப் பரவியது. எங்கள் குழுவில் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எரிவாயுக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. கிணற்றிலிருந்து வாயு மட்டும் வருவதில்லை, கூடவே தண்ணீரும் வரும். கடுங்குளிரில் அந்தத் தண்ணீர் கிணற்று வாயிலும் குழாயிலும் உறைந்து அடைத்துக்கொள்ளும். அந்த வாரம் மாநிலத்தின் வாயு உற்பத்தி ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. இது முதல் அடி. வாயுவை அழுத்திக் குழாயில் தள்ளும் நிலையங்களும், சுத்திகரிக்கும் ஆலைகளும் பல இடங்களில் மின்சாரத்தில் ஓடுகின்றன. மின்வெட்டு தொடங்கியதும் அவற்றில் பலவற்றுக்கும் மின்சாரம் போனது. வாயு குறைந்ததால் மின் நிலையம் நின்றது, மின் நிலையம் நின்றதால் இன்னும் வெட்டினார்கள், வெட்டியதால் வாயு இன்னும் குறைந்தது.

அந்த இடங்களுக்கு மட்டும் மின்சாரத்தை விட்டுவைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு படிவம் இருந்தது. "இது அத்தியாவசிய இணைப்பு, வெட்டாதீர்கள்" என்று மின் விநியோக நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் படிவம். பல எரிவாயு நிறுவனங்கள் அதை நிரப்பித் தரவே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே சிலருக்குத் தெரியாதாம்! மின் நிலையத்துக்கு வாயு அனுப்பும் இடங்களின் மின்சாரத்தையே வெட்டிவிட்டு, வாயு ஏன் வரவில்லை என்று திகைத்துப்போய் நின்றது உலகிலேயே பெரிய எரிசக்தி மாநிலங்களில் ஒன்று.

இந்தப் படிவத்தைக் கட்டாயமாக்க வேண்டியவர் யார்? டெக்ஸஸில் எண்ணெய், எரிவாயுத் தொழிலை மேற்பார்வை செய்யும் அமைப்பின் பெயர் ரயில்ரோடு கமிஷன். ரயிலுக்கும் அதற்கும் இன்று ஒரு சம்பந்தமும் கிடையாது, பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் ஆணையர்கள் தேர்தலில் நின்று வருகிறவர்கள். தாங்கள் மேற்பார்வை செய்யும் தொழிலிடமிருந்தே தேர்தல் நன்கொடை வாங்கலாம். மின்சாரத்துக்கு வேறோர் ஆணையம். கட்டமைப்பை இயக்க எர்காட் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம். மின் நிலையங்கள் தனியாருடையவை. கம்பி ஒருவருடையது, நமக்கு பில் அனுப்புகிறவர் இன்னொருவர். குளிருக்கு முன் தயாராக இருக்கிறீர்களா என்று இந்த வரிசையில் யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கைகாட்டலாம், அதுவும் நேர்மையாகவே!

டெக்ஸஸின் பெரும்பகுதி மின் கட்டமைப்பு மற்ற மாநிலங்களோடு சேராமல் தனித் தீவாக நிற்பதும் தற்செயல் இல்லை. 1935இல் மாநிலங்களுக்கிடையே ஓடும் மின்சாரத்தை மத்திய அரசு தன் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தபோது, எல்லை தாண்டாமல் இருந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை என்று இங்குள்ள நிறுவனங்கள் முடிவெடுத்தன. அதனால் அந்த வாரம் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மெக்ஸிகோவிலிருந்தும் கடன் வாங்க இருந்த இணைப்பு 1,200 மெகாவாட் சொச்சம்தான். பக்கத்து மாநிலங்களும் அன்று தள்ளாடிக்கொண்டிருந்தன, ஆகவே பெரிய இணைப்பு இருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேற்கு மாநிலங்களின் மின் கட்டமைப்போடு இணைந்திருக்கும் டெக்ஸஸின் எல் பாசோ நகரில் பெரிய மின்வெட்டு இல்லை. முக்கியமான காரணம், 2011 குளிரில் பட்ட அடிக்குப் பிறகு அந்த ஊர் தன் மின் நிலையங்களைக் குளிருக்குத் தயார் செய்திருந்தது.

ஆமாம், 2011. அந்த பிப்ரவரியிலும் இதே டெக்ஸஸில் இதே காரணத்துக்காகச் சுழற்சி மின்வெட்டு வந்தது, 32 லட்சம் வாடிக்கையாளர்களைத் தொட்டது. மத்திய அமைப்புகள் விசாரித்து அதே ஆண்டு ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தன. குழாய்களைப் போர்த்துங்கள், கருவிகளைச் சூடாக வையுங்கள், ஆய்வு செய்யுங்கள் என்றது அறிக்கை. 1989இலும் இதேதான் நடந்தது, அப்போது சொன்னதையும் செய்யவில்லை என்று அதிலேயே இருக்கிறது. இவை எல்லாம் பரிந்துரைகள். விரும்பினால் செய்யலாம். வெயிலில் சூடு வெளியேற வேண்டும் என்பதற்காகச் சுவரில்லாமல் கட்டிய ஆலைக்குப் பத்து வருடத்தில் ஒரு முறை வரும் குளிருக்காக எந்த முதலாளி தானாகப் பணம் போடுவார்? டெக்ஸஸ் சந்தை அன்று பெரும்பாலும் விற்ற மின்சாரத்துக்குத்தான் பணம் தந்தது. குளிருக்குத் தயாராக இருப்பதற்குத் தனிப் பணம் இருக்கவில்லை. முதலாளியைத் திட்டிப் பயனில்லை, அவர் கணக்கு சரிதான். அவர் கணக்கில் வராததைக் கணக்கில் கொண்டுவரத்தான் அரசாங்கம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம்.

அந்த வாரம் கொலராடோ சிட்டி என்ற சிற்றூரின் மேயர் முகநூலில் ஒரு பதிவு போட்டார். உங்களுக்கு யாரும் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை, நீந்துவதோ மூழ்குவதோ உங்கள் பாடு என்பது அதன் சாரம். பலமுள்ளவன் பிழைப்பான், பலவீனன் அழிவான் என்றும் எழுதினார். பதவி போனது. ஊரே அவரைத் திட்டியது, நானும் திட்டினேன். இப்போது யோசித்தால், மற்றவர்கள் பத்து வருடம் வாயால் சொல்லாமல் செய்துகொண்டிருந்ததை அந்த மனிதர் எழுத்தில் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

மாநில சுகாதாரத் துறையின் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர். அவர்களில் 161 பேர் குளிரால். 19 பேர் கார்பன் மோனாக்சைடால். அடைத்த இடத்தில் கார் இன்ஜினையோ கரி அடுப்பையோ ஓடவிட்டுச் சூடு தேடுவதுதான் இங்கே அந்த நஞ்சுக்கு வழி. நாங்கள் காரில் உட்கார்ந்தது திறந்த வெளி வாகன நிறுத்தத்தில். எங்களுக்கு மூடிய கராஜ் கிடையாது. இருந்திருந்தால் அங்கேதான் உட்கார்ந்திருப்போம் என்று நினைக்கும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இன்னொரு பக்கம் விலை. மொத்தச் சந்தையில் மெகாவாட் மணிக்கு அன்றைய உச்சவரம்பு 9,000 டாலர், அதாவது யூனிட்டுக்கு 9 டாலர். சாதாரண நாளில் அது சில சென்ட். பற்றாக்குறை இருக்கும்போது விலை உச்சத்தில் இருக்க வேண்டும் என்று மின்சார ஆணையம் உத்தரவு போட்டது. மின்வெட்டு முடிந்த பிறகும் விலை கீழே இறங்கவில்லை; அந்தக் கூடுதல் 32 மணி நேரத்தில் சுமார் 1,600 கோடி டாலர் அதிகம் வசூலானதாகச் சந்தைக் கண்காணிப்பாளரே சொன்னார். மொத்த விலையை அப்படியே கைமாற்றும் திட்டத்தில் இருந்த ஒருவருக்கு 16,000 டாலருக்கு மேல் பில் வந்தது. விலை ஏறினால் உற்பத்தி கூடும் என்பது பாடப்புத்தகம். உறைந்த குழாய் அந்தப் பாடத்தைப் படித்திருக்கவில்லை.

நீதிமன்றத்துக்குப் போனவர்களும் உண்டு. 2023 ஜூனில் டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம், எர்காட் அரசின் அங்கம், இறையாண்மைப் பாதுகாப்பு அதற்கு உண்டு, அதன் மேல் வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். தயாராக வேண்டிய காலத்தில் எல்லாம் சந்தை பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பதில் சொல்ல வேண்டிய காலம் வந்ததும் நாங்கள் அரசாங்கம் என்கிறார்கள். எனக்கு இதில் வந்த கோபம் அந்த மூன்று இரவில்கூட வரவில்லை.

ஒன்றுமே மாறவில்லை என்று சொன்னால் பொய். 2021 ஜூனில் சட்டம் வந்தது. மின் நிலையங்கள் குளிர்காப்பு செய்தே ஆக வேண்டும், மீறினால் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் டாலர் வரை அபராதம், ஆய்வாளர்கள் நேரில் போகிறார்கள். 2022 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் கடுங்குளிர் வந்தது, கட்டமைப்பு தாங்கியது. அதற்குள் நிறைய சூரிய மின்சாரமும் பேட்டரிகளும் சேர்ந்திருந்தன. ஆக, கட்டாயப்படுத்தினால் நடக்கிறது. 1989இலேயே நடந்திருக்கும். எரிவாயுப் பக்கம்தான் கை நடுங்கியது. 150 டாலர் கட்டி ஒரு படிவம் கொடுத்தால் 'அத்தியாவசிய' பட்டியலிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று ரயில்ரோடு கமிஷனின் வரைவு விதியில் இருந்தது. மாநில செனட்டில் சத்தம் போட்ட பிறகு மாற்றினார்கள். மறுபடியும் ஒரு படிவம், பாருங்கள்.

இதையெல்லாம் செய்தால் பில் ஏறும் என்று குழுவில் ஒரு நண்பர் ஒவ்வொரு முறையும் சொல்வார். பிறகு நாங்கள் எரிவாயுச் சூடு உள்ள வீட்டுக்குக் குடிவந்தோம். மாத பில்லில் ஒரு சின்ன வரி இருக்கிறது. அந்த வாரம் எரிவாயு நிறுவனங்கள் கொள்ளை விலைக்கு வாயு வாங்கின அல்லவா, அந்தக் கடனை அடைக்க மாநிலம் 350 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டு, வருடக்கணக்கில் வாடிக்கையாளர்களிடம் வசூலிக்கிறது. 2021இல் இந்த மாநிலத்தில் இல்லாதவர்களும் கட்டுகிறார்கள். அந்தக் கட்டணத்துக்குச் சட்டத்தில் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'வாடிக்கையாளர் கட்டண நிவாரணம்'. நண்பருக்கு அந்த வரியைப் படமெடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்து மூன்று நாள் ஆகிறது.