ஜி.எம். கார் கம்பெனி வாங்கிய பணம் எல்லாவற்றையும் திருப்பிக் கட்டவில்லை
"ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) மூழ்கிவிடாமல் காப்பாற்ற அமெரிக்க அரசாங்கம் கொடுத்த பணத்தை 2010லேயே வட்டியோடு கட்டிவிட்டது, நம்ம மலையகத் தோட்டக் கம்பெனிகளையும் அப்படித் தூக்கிவிடலாம்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. அப்போது கட்டியது கடனாக வாங்கிய 670 கோடி டொலர். மொத்தம் போனதோ ஏறக்குறைய 4,950 கோடி. மிச்சத்தில் பெரும்பகுதி பங்காக மாறி, கம்பெனியில் 60 வீதம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. கடைசிப் பங்கை 2013 டிசம்பரில் விற்று முடித்தபோதும் 1,000 கோடிக்கு மேல் நட்டம்.

சும்மாவும் கொடுக்கவில்லை. பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. தலைவர் ரிக் வாகனரையே 2009 மார்ச்சில் போகச் சொன்னார்கள். தேயிலைக் கொழுந்து இரண்டு கிலோ குறைந்தால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போடுகிற தோட்டத் துரைமார் இந்த நிபந்தனைக்குக் கையெழுத்துப் போடுவார்களா?