5 நாளாச் சாப்பிடலை

தம்பி: அக்கா, இன்னைக்கும் திறக்கலை. இதோட 5 நாள்.

அக்கா: 5 நாளா வாயைத் திறக்கலையா! காய்ச்சல் எதுவும் இருக்கா?

தம்பி: 25 டிகிரிதான் இருக்கு.

அக்கா: 25ஆ! ஏலே, பிள்ளை சில்லிட்டுப் போச்சா?

தம்பி: சில்லுன்னுதான் இருக்கணும். அதுக்குத்தானே சில்லர் வாங்கியிருக்கேன். மேலெல்லாம் மெழுகு மாதிரி ஒரு தோல் வேற படிஞ்சிருக்கு. சிரிஞ்சில சாப்பாட்டை உறிஞ்சித் தலையில விடுதேன், அசைய மாட்டேங்கு.

அக்கா: தலையிலயா? உன் பெண்டாட்டிகிட்ட போனைக் குடு முதல்ல.

தம்பி: அவ பயலுக்கு இட்லி ஊட்டிக்கிட்டு இருக்கா.

அக்கா: அப்போ சாப்பிடாதது யாருலே?

தம்பி: பவளம்.

(நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தான். அம்பாசமுத்திரத்தில் டம்ளர் நங்கென்று தரையில் வைக்கப்பட்டது பாளையங்கோட்டைக்குக் கேட்டது.)

அக்கா: மோதிரத்தில பதிக்கிறதுக்கு எதுக்குடா சாப்பாடு?

தம்பி: இது உயிர் அக்கா. தொட்டியில வளர்க்குதேன். லெதர் கோரல்னு பேரு. காளான் குடை மாதிரி இருக்கும். நல்லா இருந்தா குடை மேல பூப்பூவா விரிஞ்சு ஆடும். இப்போ மொட்டையா நிக்குது.

அக்கா: பவளம் வச்சிருந்தா பிடிச்சுக்கிட்டுப் போவாங்கன்னு உங்க அத்தான் சொன்னாவளே.

தம்பி: அது கல்லா வளருற பவளம். 2001லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில, புலி இருக்கிற அட்டவணையில சேர்த்துட்டாங்க. இது மென்பவளம், உள்ளே கல்கூடு கிடையாது.

அக்கா: சரி, தண்ணிக்கு என்ன செய்யுதே?

தம்பி: தாமிரபரணித் தண்ணியை ஆர்.ஓ.வில வடிகட்டி, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில உப்பு வாங்கிக் கலக்குதேன்.

அக்கா: அல்வாவுக்கு ருசி குடுக்கிற தண்ணி. அதில ருசியை எடுத்துட்டு உப்பைப் போடுதே. உவரிக்கு பஸ் ஏறினா அது சும்மா கிடக்கேலே!

தம்பி: கரையோரத் தண்ணி அழுக்கு அக்கா.

அக்கா: உவரி மீன் குழம்புன்னா மட்டும் ரெண்டாந்தடவை சோறு கேப்பே. சரி, என்ன போடுதே அதுக்கு?

தம்பி: பொடி இறால். உறையவச்சது. பம்பை நிறுத்திட்டு, மெதுவா விடணும். ஆனா தொட்டிக்குள்ள ஒரு இறால் இருக்கு, அது ஓடி வந்து பிடுங்கிட்டுப் போயிருது.

அக்கா: இறாலுக்கு இறாலை ஊட்டுதியா!

தம்பி: அதனாலதான் ஒரு மணிக்கு ஒருதடவை ஊட்டுதேன்.

(அவன் கையில் இருந்த சிரிஞ்ச், பயலுக்கு இருமல் மருந்து கொடுப்பதற்கு வாங்கியது. நுனியில் ரோஸ் நிற மருந்து இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.)

அக்கா: கடைக்காரன் என்ன சொல்லுதான்?

தம்பி: "அது பட்டினி கிடக்கலை, தோல் உரிக்குது. தண்ணி வேகமா ஓடினா தோல் தானா கழண்டுரும், பம்பை நிறுத்தாதீங்க. அது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கு, லைட் பட்டா பாசியே அதுக்கு ஆகாரம் பண்ணிக் குடுத்திரும். நீங்க போடுறது அழுகி, தண்ணியில நைட்ரேட்டுங்கிற கழிவுதான் ஏறும்"ங்கார். எனக்குத்தான் மனசு கேக்கலை.

அக்கா: இரு, இரு. வெளிச்சத்தில நின்னா வீட்டுக்குள்ளேயே சோறு ஆயிருதா?

தம்பி: ஆமா.

அக்கா: யாரும் ஊட்ட வேண்டாம்?

தம்பி: வேண்டாம்னுதான் சொல்லுதார்.

அக்கா: உனக்கு இப்போ என்ன வயசு?

தம்பி: 41. எதுக்கு?

அக்கா: ராத்திரிக்கு என்ன சாப்பிட்டே?

தம்பி: இன்னும் இல்லை. அவ ஊட்டி முடிச்சுட்டு வந்து தோசை சுடுவா.

அக்கா: அந்தப் பம்பைப் போட்டுட்டு அடுப்படிக்குப் போலே.

தம்பி: அடுப்படிக்கா? அங்கே வச்சா சூடு தாங்காதே அக்கா, செத்துரும்.