சும்மா இருக்கும் அம்மாமார் கவனத்துக்கு

இரண்டு நாள் பொறுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த ஸ்கிரீன்சொட் எப்படியோ உங்களில் பாதிப் பேரின் கைக்கு வந்துவிட்டது. இன்பொக்ஸில் கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் பொதுவில் ஒரு முறை. ஓம், அது மூத்தவளின் வகுப்புப் பெற்றோர் குழுதான், சனிக்கிழமை பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு வரச் சொல்லிப் போட்ட அறிவித்தல்தான். ஓம், "அன்றைக்கு எனக்குப் பரீட்சை, வர ஏலாது" என்று எழுதியது நான்தான். பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்காதீர்கள். பிள்ளை இன்னும் அங்கேதான் படிக்க வேண்டும்.

சிரமதானத்துக்குக் கூப்பிட்டதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மாரி தொடங்கப் போகிறது. பீலியில் சருகு அடைத்துத் தண்ணீர் நின்றால் நுளம்பு பெருகும், பிறகு டெங்கு என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் நாங்கள்தான். போன வருசம் போனேன். அதற்கு முதல் வருசமும் போனேன். பின்வளவில் இடுப்பளவுக்கு நின்ற பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கிவிட்டு நாலு நாள் முழங்கை வரை சொறிந்துகொண்டு திரிந்தேன். கொண்டுபோன மண்வெட்டி இன்றுவரை திரும்பி வரவில்லை. இதையெல்லாம் நான் கணக்கில் வைக்கவில்லை. சரி, கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

குத்தியது அந்த வசனம். "வேலைக்குச் செல்லும் பெற்றோர் வர முடியாவிட்டால் பரவாயில்லை. வீட்டில் சும்மா இருக்கும் அம்மாமார் கட்டாயம் வரவும்." சும்மா. அதற்குக்கூட நான் பணிவாகத்தான் பதில் போட்டேன், கும்பிடும் கை வேறு. அதற்குக் கீழே வந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே: "பொழுதுபோகாமப் படிக்கிறதுக்கும் சோதினையோ?" பின்னால் மூன்று சிரிப்பு முகம். எழுதியது ஓர் ஆண் என்றால் இவ்வளவு நொந்திருக்க மாட்டேன். எழுதியவளும் ஒரு தாய். உயர்தரத்தில் என் பக்கத்து வாங்கில் இருந்தவள். கணக்கீட்டில் நான் எவ்வளவு எடுத்தேன் என்று என் வீட்டாரை விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பொழுது போகாமல். எனக்கு.

என் பொழுது போகிற விதத்தில் ஒரு பின்னேரத்தை மட்டும் சொல்கிறேன். முழு நாளையும் சொன்னால் நீங்கள் வாசிக்க மாட்டீர்கள். மூன்றரைக்கு மூத்தவளைப் புலமைப்பரிசில் வகுப்பில் இறக்க வேண்டும். (5ஆம் வகுப்புச் சோதினை பிள்ளைக்கா தாய்க்கா என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.) ரியூசன் கொட்டிலுக்கு வெளியே வேப்பமரத்துக்குக் கீழ் ஏழெட்டு ஸ்கூட்டி நிற்கும், ஒவ்வொன்றிலும் ஓர் அம்மா. என் சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டுக்கும் கீழே பழைய வினாத்தாள் பைல் இருக்கிறது. அதை ஸ்கூட்டி சீட்டில் விரித்து, சின்னவனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பெறுமானத்தேய்வுக் கணக்குச் செய்வேன் (சாமான் பழசாகப் பழசாக அதன் பெறுமதி குறைவதைப் போடுகிற கணக்கு). ஐந்துக்குப் பிள்ளைகள் இரண்டையும் ஏற்றிக்கொண்டு கோண்டாவில் வந்து, மாமியிடம் ஒப்படைத்து, அவித்து மூடிவைத்த புட்டு எங்கே சொதி எங்கே என்று காட்டிவிட்டு, பலாலி வீதியால் தின்னவேலிச் சந்தை நெரிசலைத் தாண்டி, நான் கணக்கீடும் பொருளியலும் படிக்கிற ஐந்தரை வகுப்புக்கு ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேருவேன். கிழமையில் மூன்று நாள். மூன்று நாளும் பிந்தித்தான். கடைசி வாங்கு எனக்கென்றே காலியாகக் கிடக்கும். என்னோடு படிக்கிறவர்கள் எனக்குக் கல்யாணம் நடந்தபோது அரைக் காற்சட்டையோடு திரிந்தவர்கள். நல்ல பிள்ளைகள், அக்கா என்று கூப்பிட்டு, நான் தவறவிட்ட பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒருவன் ஒரு நாள் வாய் தவறி "ரீச்சர்" என்றுவிட்டான். பிறகு ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டான்.

இதில் பொழுதுபோக்கு எங்கே என்று கேட்டால், ஓரிடத்தில் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. போன மாதம் ஒரு பரீட்சை மீதி (வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்க்கிற பட்டியல்) பொருந்த மாட்டேன் என்றது. 450 ரூபா வித்தியாசம். சின்னவனுக்குக் காய்ச்சல், அவனை மடியில் போட்டபடி இரவு பதினொரு மணிக்குப் பார்க்கிறேன். வித்தியாசம் ஒன்பதால் மிச்சமில்லாமல் பிரிபட்டால் இலக்கங்களை இடம்மாற்றி எழுதியிருக்கலாம் என்று படிப்பித்திருக்கிறார்கள். 1,270 ஐ 1,720 என்று எழுதினால் சரியாக 450 தான் வரும். அந்த வழியில் தேடித் தேடியே ஒரு மணித்தியாலம் போயிற்று. ஒன்றும் அகப்படவில்லை. சின்னவனைக் கிடத்திவிட்டுக் குசினியில் சொதிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் மற்ற வழி நினைவுக்கு வந்தது. ஒரு தொகை பக்கம் மாறி விழுந்தால் வித்தியாசம் இருமடங்காகும், அதனால் வித்தியாசத்தைப் பாதியாக்கு, அந்தத் தொகை எந்தப் பக்கத்தில் கிடக்கிறதென்று பார். பாதி 225. ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தால், தபாற் செலவு 225 ரூபா, வரவுப் பக்கம் (டெபிட்) இருக்க வேண்டியது செலவுப் பக்கத்தில் (கிரெடிட்) குந்திக்கொண்டிருக்கிறது. அந்தத் தாளில் சவர்க்கார நுரை காய்ந்த வட்டம் இன்னும் இருக்கிறது. வெடி கொளுத்தலாம் போல இருந்தது எனக்கு. சொல்வதற்குத்தான் ஆளில்லை, அவர் குறட்டை. இதைத்தான் பொழுதுபோக்கு என்கிறீர்கள் என்றால், ஓம், இது என் பொழுதுபோக்கு. வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சும்மா என்ற சொல்லை மட்டும் விடமாட்டேன். கொழும்புத்துறையில் இருந்துகொண்டு யோகர் சுவாமியும் "சும்மா இரு" என்றுதான் சொன்னார். அது ஞானிகளின் சும்மா. அந்தச் சும்மாவுக்கு ஒரு நாளில் பத்து நிமிசம் கிடைத்தால் நானும் ஆச்சிரமம் கட்டிக்கொண்டு போய்விடுவேன்.

எங்களைச் சும்மா என்பது ஊர் மட்டுமில்லை, நாடும்தான். இதைப் படிக்கப் போய்த்தான் அறிந்தேன். வேலை செய்கிறவர்களையும் வேலை தேடுகிறவர்களையும் எண்ணுகிற தொழிற்படைக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாமல் வீட்டு வேலை மட்டும் செய்கிற பெண்ணுக்கு என்ன பெயர் தெரியுமா? "பொருளாதார ரீதியில் செயற்படாதோர்". இந்த இலங்கையில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தொழிற்படைக்குள் இருக்கிறது. மிச்சப் பேரில் மாணவிகளையும் வயதானவர்களையும் கழித்துவிட்டுப் பார்த்தால் நிறைய என்னைப் போன்றவர்கள். செயற்படாதோர். நாலரைக்கு எழும்பிச் செயற்படாமல் இருக்கிறோம். பொருளியல் வகுப்பில் தேசிய வருமானம் படிப்பிக்கும்போது சேர் ஒரு பழைய உதாரணம் சொன்னார். சம்பளத்துக்குச் சமைக்க வந்த பெண்ணை வீட்டுக்காரரே கல்யாணம் கட்டிக்கொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். அதே சமையல், அதே கை, ஆனால் இனிச் சம்பளம் இல்லையே. பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920 இலேயே எழுதியதாம். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியில் கந்தர்மடம் தாண்டும்போதுதான் சிரிப்பு அடங்கியது.

இப்போது ஒருவர் வருவார்: "வேலைக்குப் போற அம்மாமாருக்கும் இதே கஷ்டம்தானே, அவை வேலையும் செய்து வீட்டையும் பாக்கினம்." உண்மை. மூத்தவள் பிறக்கும் வரை நாலு வருசம் நானும் வேலைக்குப் போனவள்தான், எனக்கு அது தெரியும். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் விட்டேன், யாரும் விடச் சொல்லவில்லை, விட வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. கந்தோரில் பத்தரைக்கு ஒரு தேத்தண்ணி வரும், அதை ஆறமுதல் குடிக்கலாம். பின்னேரம் அஞ்சு மணிக்கு "வேலை முடிஞ்சுது" என்று ஒரு வசனம் சொல்லலாம். எனக்கு அந்த வசனம் இல்லை. இதை வாசித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் கோபப்படுவீர்கள், படுங்கள். அந்த அறிவித்தலில் விலக்கு உங்களுக்குத்தானே தந்தார்கள்.

"39 வயசில படிச்சு என்ன கிழிக்கப் போறாய்?" கணக்கு எழுதப் போகிறேன். வேறென்ன.

"புருசன்ர காசில..." என்று இழுக்கிறவர்களுக்கு: கட்டணம் என் சீட்டுக் காசு. அது எந்தக் காசிலிருந்து மிச்சம் பிடித்தது என்று அடுத்துக் கேட்பீர்கள். விறகில், மரக்கறியில், எனக்கு வாங்காத சீலையில் மிச்சம் பிடித்தது. போதுமா?

பள்ளிக்கூடப் படிவத்தில் "தாயின் தொழில்" என்று ஒரு கட்டம் இருக்கும். என் அம்மா அதில் எப்போதும் ஒரு சின்னக் கீறு போடுவா. எழுத்துக்கூட இல்லை, கீறு. உயர்தரம் சித்தியடைந்தவ அவ. 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் கறன்ட் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு ஒரு விளக்கு. எங்களைப் படிக்கவைத்துவிட்டு, நாங்கள் படுத்த பிறகு, மிச்ச வெளிச்சத்தில் எங்கள் புத்தகங்களை அவ வாசிப்பா. எண்ணெய் வீணாகிறதென்று அப்பம்மா உள்ளேயிருந்து இருமுவா, விளக்கு அணைந்துவிடும். 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டை நெருங்கி எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. மழைக்குள், நாவற்குழிப் பாலத்தில் அசையக்கூட இடமில்லாத சனத்துக்குள், அம்மா நெஞ்சோடு ஒரு பொலித்தீன் பையைப் பிடித்திருந்தா. எங்கள் பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், அப்பாவின் வேலைக் கடிதம், காணி உறுதி. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வாங்கில் அதையெல்லாம் காயவைத்தபோது, எல்லாவற்றுக்கும் அடியில் அவவின் உயர்தரச் சான்றிதழும் இருந்தது. ஒரு நாளும் ஓரிடத்திலும் காட்டாத கடதாசி. அதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தா என்று அப்போது நான் கேட்கவில்லை. இப்போது கேட்க அவ இல்லை.

எங்கேயோ தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன். சிரமதானத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2022 இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கறன்ட் வெட்டினார்களே, அப்போது மூத்தவளுக்கு விசிறிக்கொண்டே இருட்டுக்குள் கிடந்து யோசித்ததுதான் இந்தப் படிப்பு. சேர இன்னும் இரண்டு வருசம் எடுத்தது. சேர்ந்த கிழமையே இன்னொரு பள்ளிக்கூடப் படிவம் வந்தது. "தாயின் தொழில்" கட்டத்தில் "மாணவி" என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "அம்மா, மகளின்ரய இதில எழுதக்கூடாது, உங்கட தொழில்" என்றார். என்னுடையதுதான் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்கு அதை வீட்டில் பகிடியாகச் சொல்லிச் சிரித்தேன். அந்த மூன்று சிரிப்பு முகத்தைப் பார்த்த பிறகு அதுவும் பகிடியாகத் தெரியவில்லை.

என் அவரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல மனிசன். வகுப்பு நாட்களில் வேலையால் வந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் படுக்கவைப்பார். அதற்கு ஊரில் கிடைக்கிற பேரை நீங்கள் பார்க்க வேண்டும். "என்ன தங்கமான மாப்பிள்ளை, மனுசியைப் படிக்க விட்டிட்டு பிள்ளையளைப் பாக்குது." நான் பதினொரு வருசமாகப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறேன், என்னைப் பித்தளை என்றுகூட யாரும் சொன்னதில்லை. அவரிடமே கேட்டேன். "என்னப்பா, நான் சொல்லச் சொல்லியே சொல்லினம்?" என்றார். அதுவும் நியாயம்தான். அவரில் கோபமில்லை. அதிசயமாக, மாமியிலும் இல்லை. "இருட்டுக்கு முதல் வந்திடு பிள்ளை" என்று முதல் மாதம் முழுக்க முணுமுணுத்தவ, இப்போது முழங்கால் வலியோடு எழும்பிப் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிடுகிறா. படிப்பைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. சீனி மட்டும் கொஞ்சம் கூட.

"ஒரு சொல்லுக்கு இவ்வளவு துள்ளல் தேவையா, தெரியாமல் எழுதியிருப்பினம்" என்கிறவர்களுக்கு: தெரியாமல்தான் எழுதினார்கள். தெரிந்து எழுதியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அறிவித்தல் எழுதியவரும் ஓர் அம்மா, வீட்டில் இருப்பவ, ராத்திரி பத்தரைக்கு எல்லா வேலையும் முடித்துவிட்டு அதைத் தட்டச்சு செய்திருக்கிறா. தன்னையும் சேர்த்துத்தான் சும்மா என்று எழுதியிருக்கிறா பாவம்.

சரி. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எனக்குச் சோதினை, பன்னிரண்டுக்கு முடியும். சிரமதானத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து அவர் வருவார், கேட்டு ஒத்துக்கொண்டாயிற்று. பீலிக்கு ஏணி பிடிப்பார், வேணுமென்றால் ஏறவும் செய்வார். படம் எடுத்து "பொறுப்பான அப்பா" என்று குழுவில் போடுங்கள், மண்டபத்தால் வெளியே வந்ததும் முதல் லைக் என்னுடையது. புது மண்வெட்டி கொடுத்துவிடுகிறேன், பிடியில் சிவப்புப் பெயின்ரால் என் பெயர் இருக்கிறது. இந்த முறையாவது அதைத் திருப்பித் தந்துவிடுங்கள்.