சென்சார் வெட்டிய 50 நிமிடமா? இல்லவே இல்லை

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் சினிமா வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கடைசிப் பாகத்தில் 50 நிமிடத்தை நம்ம ஊர் சென்சார் வெட்டிவிட்டதாம், 11 ஆஸ்கர் வாங்கிய முழுப்படம் வெளிநாட்டு டிவிடியில்தான் இருக்கிறதாம். தவறு. தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.

2003 டிசம்பரில் தியேட்டருக்கு வந்ததே 201 நிமிடப் படம்தான். எடிட்டிங் விருது உட்பட 11 ஆஸ்கரும் அதற்குத்தான், 2004 பிப்ரவரி 29 அன்று. நீளமான பதிப்பு டிவிடியாக வந்ததோ அந்த வருட டிசம்பரில். வெளியே வராத ஒன்றுக்கு பிப்ரவரியிலேயே எப்படி விருது கொடுப்பார்கள்? அந்த 50 நிமிடமும் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் தியேட்டருக்கு வேண்டாமென்று விட்டுவைத்து, அப்புறம் டிவிடிக்காகச் சேர்த்தது. வில்லன் மந்திரவாதி சாருமான் கோபுர உச்சியில் கத்திக்குத்து வாங்கி, கீழே தண்ணீரில் நிற்கும் முள்சக்கரத்தில் விழுந்து சாகிற காட்சியைத்தான் எல்லோரும் ஆதாரமாக அனுப்புகிறார்கள். அது அமெரிக்கத் தியேட்டர்களிலும் இல்லை, அந்த வேடத்தில் நடித்த கிறிஸ்டோபர் லீயே அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார்.

சரி, உங்களிடம் இருக்கும் டிவிடி எது? உறையின் பின்பக்கம் நேரத்தைப் பாருங்கள். மூன்றேகால் மணி நேரத்தை ஒட்டி இருந்தால் 2004 மே மாதம் வந்த தியேட்டர் பதிப்பு, நாலு மணி நேரத்தை எட்டினால் நீளமானது.