சிரிக்காமல் வாசிக்க வேண்டிய மூன்று நிமிடம்

பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் 'கோலிவாக்ஸ் கேக்வாக்' என்ற பியானோ துண்டு எங்கே கேட்டாலும் காது தானாக அந்தப் பக்கம் போய்விடும். மொத்தமே மூன்று நிமிடம். ஆனால் பாதிப் பேர் அதை வாசிக்கிற வேகம் இருக்கிறதே, துரத்துகிற நாய்க்குப் பயந்து ஓடுவது மாதிரி. எரிச்சலாக வருகிறது.

1908-ல் வெளிவந்த 'சில்ட்ரன்ஸ் கார்னர்' தொகுப்பில் கடைசித் துண்டு இது. தொகுப்பையே தன் குட்டி மகள் ஷூஷூவுக்கு, பின்னால் வரப்போகும் இசைக்கு அப்பா கேட்கும் மன்னிப்போடு சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்தார்.

ஜாஸ் வாசனை அடிக்கிறது என்பார்கள். சரிதான். ஆனால் ஜாஸ் என்ற பெயரே அப்போது இசைக்கு வந்திருக்கவில்லை. அவர் காதில் விழுந்தது, ஜாஸுக்கு முன்னோடியான ரேக்டைம் என்ற துள்ளல் இசையும் கேக்வாக்கும். அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள், எஜமானர்களின் பகட்டு நடையை நக்கலடித்து ஆடிய ஆட்டம் கேக்வாக். தலைப்பில் இருக்கும் 'கோலிவாக்' என்ற பொம்மையோ, அதே மக்களைக் கேலிச்சித்திரமாக்கியது. இசை பிடிக்கும் என்பதற்காக இந்த உறுத்தலை மூடி மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

விளையாட்டு எங்கே இருக்கிறது என்றால், இடது கையில். அது 'உம்-சக், உம்-சக்' என்று ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நேராக நடக்கும். வலது கைதான் தாளத் தட்டு விழ வேண்டிய இடத்தில் விழாமல் முந்திக்கொண்டு குறும்பு பண்ணும். இடது கையும் சேர்ந்து ஓடினால் குறும்பு யாரிடம் செய்வது? 'மிகத் தெளிவாக, மிக வறட்சியாக' என்று டெபுஸி குறித்தே வைத்திருக்கிறார். சுரங்களை நீட்டி ஒலிக்கவைக்கும் பெடலை அமுக்கிக் குழப்புகிறவர்கள் அதைப் படிப்பதே இல்லையோ என்னவோ.

நடுப்பகுதிதான் உச்சம். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் சோகக் காதல் ஓபராவான 'டிரிஸ்டன்' தொடங்கும் அந்த ஏக்கமான நாலு சுரம் திடீரென்று எட்டிப் பார்க்கும். மேலே 'பேருணர்ச்சியோடு' என்று குறிப்பு வேறு. உருகி முடிப்பதற்குள் குட்டிக் குட்டியாக 'களுக்' என்று ஒரு சிரிப்பு. மறுபடி உருகல், மறுபடி சிரிப்பு. உருகும் இடத்தில் நிஜமாகவே உருக வேண்டும். முகத்தில் நமட்டுச் சிரிப்பு தெரிந்தால் ஜோக் செத்துவிடும்.

உபதேசம் செய்யும் நானே போன வாரம் வாசிக்கும்போது இரண்டாவது உருகலில் சிரித்துவிட்டேன். அப்புறம் இடது கை எங்கே போனது என்று தெரியவில்லை.