கிருபையைப் பாடுவோம், கிருபை பெற்றவரை உட்காரவைப்போம்

கடந்த ஞாயிறு ஆராதனையில் நடந்ததை இங்கே மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்கும், பிறகு வாட்ஸ்அப் குழுவில் வந்த நீண்ட விளக்கங்களைப் படித்தவர்களுக்கும் எல்லாம் தெரியும். வேதபாடம் வாசிக்க எழுந்துபோன சகோதரரைப் பாதி வழியில் கையைப் பிடித்து நிறுத்தி, "இன்னும் கொஞ்ச காலம் போகட்டும்" என்று உட்காரவைத்ததற்குப் பெயர் ஒழுங்கு நடவடிக்கையாம். அவர் பாவத்தில் விழுந்தது உண்மை. சபைக்கு முன்பாக அதை அறிக்கையிட்டதும் உண்மை. அன்று அவரைக் கட்டிப்பிடித்து அழுதவர்களில் சிலர்தாம் இப்போது முடிவு தேதி சொல்லாமல் "கொஞ்ச காலம்" கேட்கிறார்கள்.

மன்னித்துவிட்டோம், ஆனால் பழையபடி சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்றால் அது மன்னிப்பே அல்ல.

பேதுருவைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்காத விசுவாசி நம்மில் யார்? பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி இயேசுவை மூன்று தரம் மறுதலித்தவர் அவர். உயிர்த்தெழுந்த கர்த்தர் திபேரியா கடற்கரையில் அவரைச் சந்தித்தபோதும் அங்கே கரிநெருப்பு போட்டிருந்ததாக யோவான் எழுதுகிறார். "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்றாம் தரமும் கேட்கப்பட்டபோது பேதுரு துக்கப்பட்டார். ஆகவே கிருபை வலிக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் கர்த்தர் அவர் கையில் வேலையைக் கொடுத்தார், ஆடுகளை மேய்க்கச் சொன்னார். அதே பேதுரு பின்னர் அந்தியோகியாவில் தடுமாறி, பவுலிடம் எல்லோர் முன்னிலையிலும் கண்டனம் பெற்றார். அதன் பிறகும் அப்போஸ்தலராகவே இருந்தார். நம் மூப்பர் குழு அங்கே இருந்திருந்தால் தீர்ப்பு எப்படி வந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாயிருக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியால் விழுந்து, மனந்திரும்பி, சபைக்குத் திரும்பியவர். நாற்காலிகளை வரிசையாகப் போடவும் ஆராதனை முடிந்தபின் பெருக்கவும் அவர் வேண்டும். அவருடைய காணிக்கையையும் யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. ஆனால் "யாராவது ஒருவர் ஜெபியுங்கள்" என்று போதகர் சொல்லும்போது, அவருடைய பார்வை பெரியப்பாவின் வரிசைவரை வந்து, அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போய் நிற்கும். பெரியப்பா வேதாகமத்தில் விரலை வைத்தபடி தலை குனிந்திருப்பார். அவருடைய அடக்க ஆராதனையில் மட்டும் "கிருபையின் சாட்சி" என்று அரைமணி நேரம் பேசினார்கள்.

"இது மலிவான கிருபை, மனந்திரும்புதல் இல்லாமலே மன்னிப்பதுபோல" என்பீர்கள். பணத்தைக் கையாடியவரிடம் மறுநாளே பெட்டிச்சாவியைக் கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவரைப் பற்றிய பேச்சு வேறு, அவர் போக வேண்டிய இடம் காவல் நிலையம். இவர் கேட்டது ஒரு வேதபகுதியை வாசிக்கும் வாய்ப்பு மட்டும்தான். "ஊழியப் பயணத்தில் பாதியில் விட்டுப்போன மாற்குவைப் பவுலே மறுபடி சேர்க்க மறுத்தாரே" என்றும் சிலர் வசனத்தோடு வருகிறார்கள். மறுத்தார், அதனால் உடன் ஊழியரான பர்னபாவோடு பிரிவே உண்டாயிற்று. அந்தப் பவுலே பிற்பாடு தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். அந்த வசனத்தை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

ரோமப் பேரரசன் தேசியுஸ் கிறிஸ்தவர்களுக்குக் கொடுத்த உபத்திரவத்தில் விசுவாசத்தை விட்டு விலகியவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று 251-இல் ரோமில் நொவேஷியன் என்ற மூப்பர் பிடிவாதம் பிடித்தபோது, சபை அவருடைய பக்கம் நிற்கவில்லை. உயிருக்குப் பயந்து விழுந்தவர்களுக்கே அன்று தவத்துக்குப் பின் கதவு திறந்தது. நம்மிடமோ, காணிக்கைத் தொகை பெரிதாயிருந்தால் தவம்கூடத் தேவைப்படுவதில்லை. யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொரிந்து சபை ஒருவனைத் தண்டித்தபோது, "இந்தத் தண்டனையே போதும்" என்று எழுதி, அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்துத் தேற்றச் சொன்னவரும் பவுல்தான். நம் மூப்பர்கள் அந்தப் "போதும்" என்பதை எந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லப் போகிறார்கள்? தேதியைச் சொல்லுங்கள், நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.